மாற்றுச் சாவி

சில ஆண்டுகளுக்கு முன், தென்சென்னையில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். ஒரு நாள் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பிக் கதவைத் திறந்தால், சமையலறைத் தரையெங்கும் காலடித் தடங்கள். திருட்டு என்று பதறிப் போனோம். பிறகுதான் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் புதுக் குழாய் பளபளப்பதைப் பார்த்தோம். கீழ்வீட்டுச் சுவரில் தண்ணீர் கசிந்திருக்கிறது. வீட்டுக்காரர் தம்மிடமிருந்த மாற்றுச் சாவியால் எங்கள் கதவைத் திறந்து, பிளம்பரை அழைத்து வந்து, வேலையை முடித்துவிட்டார். எங்களிடம் காசு கேட்கவில்லை. நான் கீழே இறங்கிப் போய் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் எதிர்ப்பட்டவர் கேட்டார்: “தம்பி, வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல? ஷெல்ஃப்ல அவ்ளோ மாத்திரை இருந்துச்சே?”

அவை என் மனைவி மன அழுத்தத்துக்காக உட்கொண்டுவந்த மாத்திரைகள். அவளைப் பெற்றவர்களுக்குக்கூட நாங்கள் அதைச் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்காரர் குரலில் வம்பில்லை. உண்மையான அக்கறையே இருந்தது. அதனாலேயே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து அந்த மாத்திரை அட்டைகள் அரிசி டப்பாவுக்குள் போயின. மாதாமாதம் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வீட்டில், தன் மருந்தைத் தானே ஒளித்து வைத்து எடுத்து உண்ண வேண்டியிருந்தது அவளுக்கு.

இதை ஒரு குற்றச்சாட்டாக எழுதவில்லை. அந்த மனிதர் நல்லவர். ஆனால் நல்லவர்கள் செய்யும்போதுதான் இச்செயலின் உண்மையான வடிவம் தெரிகிறது. கெட்ட எண்ணத்தோடு ஒருவர் நுழைந்தால் அதை அத்துமீறல் என்று உடனே சொல்லிவிடுவோம். உதவி செய்ய நுழைந்தவரிடம் என்ன சொல்வது? “என் வீட்டுக்குள்ள நான் போகக்கூடாதா?” என்று அவர் கேட்டால், நம்மில் பெரும்பாலோருக்கு அது நியாயமான கேள்வியாகவே படும்.

அது நியாயமான கேள்வி அல்ல என்பதே என் கட்சி. வாடகைக்கு விடுவது என்றால் என்ன? உரிமை அவரிடம் இருக்கிறது, அனுபோகம் நம்மிடம் வருகிறது. சட்டம் இதைத் தெளிவாகவே பிரித்துப் பார்க்கிறது. நம் தண்டனைச் சட்டத்தில் அத்துமீறி நுழைதல் என்ற குற்றம், ஓர் இடம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. யார் வசம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108ஆவது பிரிவில், வாடகையைச் செலுத்தி ஒப்பந்தப்படி நடக்கும் குடித்தனக்காரர் அந்த இடத்தை இடையூறின்றி அனுபவிக்கலாம் என்று உரிமையாளர் உறுதியளித்ததாகவே கொள்ளவேண்டும் என்கிறது. அதே பிரிவு, உரிமையாளரோ அவருடைய ஆட்களோ நியாயமான நேரங்களில் உள்ளே வந்து கட்டடத்தின் நிலையைப் பார்வையிடக் குடித்தனக்காரர் அனுமதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ‘அனுமதிக்க வேண்டும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அனுமதி என்று ஒன்று வேண்டுமானால், அதைக் கேட்க ஒருவரும் கொடுக்க ஒருவரும் இருந்தாக வேண்டும். பூட்டிய வீட்டுக்குள் மாற்றுச் சாவியோடு நுழைகையில் கொடுப்பதற்கு அங்கே யார் இருக்கிறார்?

‘நியாயமான நேரம்’ என்ற நெகிழ்வான சொல்லுக்கு எல்லை வகுக்க நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு 2017இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம், வீட்டு உரிமையாளர் உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பாக எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது. பழுதுபார்க்க, கட்டடம் வசிக்கத் தக்க நிலையில் இருக்கிறதா என்று பார்க்க, அல்லது ஒப்பந்தத்தில் குறிப்பிட்டிருக்கும் வேறு நியாயமான காரணத்துக்காக மட்டுமே வரலாம். 2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டத்திலும் அதே 24 மணி நேரம்தான்.

இந்த அறிவிப்பு எழுத்தில் வந்து பார்த்த குடித்தனக்காரர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. நம் வாடகை ஒப்பந்தம் என்பது முத்திரைத்தாள் விற்பவரிடம் தயாராக இருக்கும் அச்சு வாசகம். பெயரும் தொகையும் மட்டும் மாறும். பதினோரு மாதம், அட்வான்ஸ், ஆணி அடிக்கக்கூடாது. சுவரில் ஆணி அடிப்பது பற்றி விரிவாகப் பேசும் அந்தத் தாள், மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும் என்பது பற்றி மூச்சு விடுவதில்லை.

ஒருவருடைய வீடே அவருடைய கோட்டை என்ற ஆங்கிலேயச் சட்டக் கருத்தை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். அதற்கு மூலமாகச் சொல்லப்படும் வழக்கு 1604ஆம் ஆண்டில் லண்டனில் தீர்ப்பானது. அரசரின் அதிகாரியே ஆனாலும், வந்த காரணத்தைச் சொல்லிக் கதவைத் திறக்கும்படி முதலில் கேட்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டது. சுவையான செய்தி என்னவென்றால், அந்த வழக்கில் வந்த வீடு அதில் குடியிருந்தவருக்குப் பரம்பரைச் சொத்து அல்ல. இரண்டு பேர் சேர்ந்து ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கு எடுத்திருந்த வீடு. கோட்டை என்று பெயர்பெற்றதே ஒரு குத்தகை வீடுதான்! இதை அறிந்தபோது எனக்கு ஏனோ அற்ப சந்தோஷம் ஏற்பட்டது.

நம் மரபு வேறு என்று நண்பர் ஒருவர் சொன்னார். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த காலத்தில் அந்தரங்கம் என்று ஒன்று எங்கே இருந்தது, அது மேற்கிலிருந்து வந்த சரக்கு என்பது அவர் வாதம். நான் ஒப்பவில்லை. ஒரே குழாயடியையும் ஒரே கழிப்பறையையும் பகிர்ந்துகொண்டவர்கள்தாம் வாசலில் நின்று இருமிவிட்டு உள்ளே வரும் வழக்கத்தையும், திரைச்சீலையையும், கேட்டும் கேளாதது போல இருக்கும் நாகரிகத்தையும் வளர்த்தவர்கள். இடம் குறைவாக இருந்த இடத்தில் நாசூக்கு அதிகம் தேவைப்பட்டது. சாவி கையில் இருப்பவருக்கு இருமத் தோன்றுவதில்லை.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. எங்கள் வீட்டுக்காரர் ஓய்வூதியத்தோடு எங்கள் வாடகையையும் நம்பியிருந்தவர். சுவர் ஊறிக்கொண்டிருக்கும்போது 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்வது அபத்தம். ஆனால் அவரிடம் என் கைப்பேசி எண் இருந்தது. ஒரு நிமிடப் பேச்சு. அவசரம் என்பது கேட்காமல் இருப்பதற்குக் காரணமாகிவிடாது; பதிலுக்குக் காத்திருக்க முடியாமல் போவதற்கு மட்டுமே காரணமாகலாம்.

இதில் யாரும் நினைத்துப் பார்க்காதவர் அந்த பிளம்பர். அன்று எங்கள் வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போயிருந்தால், காவல் நிலையத்தில் முதலில் யார் பெயர் சொல்லப்பட்டிருக்கும்? ஆளில்லாத வீட்டுக்குள் தம்மை அழைத்துப் போனவரின் அதிகாரத்தை நம்பி அவர் நுழைந்தார். நாங்கள் அறியாமல் நுழைந்ததன் பழி வந்திருந்தால், அந்த அதிகாரம் அவருக்குத் துணை நின்றிருக்குமா என்பது சந்தேகமே.

மேலும், எல்லா வீட்டுக்காரர்களும் குழாய்க்காக மட்டும் வருவதில்லை. அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மோப்பம் பிடிக்க வருபவர்கள் உண்டு. சைவம் என்று சொல்லிக் குடியேறிய வீட்டில் முட்டை ஓட்டைத் தாளில் சுற்றி அலுவலகக் குப்பைக்கூடை வரை எடுத்துப்போன ஒருவரை எனக்குத் தெரியும். தனியாகத் தங்கியிருக்கும் பெண்களின் வீட்டுக்கு ‘தண்ணி வருதாம்மா?’ என்று கேட்டுக்கொண்டே உள்ளறை வரை கண்ணோட்டுபவர்கள் உண்டு. வாடகை வீடு தேடும் சாமானியனின் அவமானத்தைச் செழியன் ‘டு லெட்’ படத்தில் காட்டினார். கிடைத்த வீட்டில் இருப்பதன் அவமானத்தையும் யாரேனும் எழுத வேண்டும்.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது நாம் கொண்டாடினோம். அது பெரும்பாலும் அரசை நோக்கியது. மாடிப்படியில் இறங்கிவரும் தம்பியிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்பவரிடம் அதைக் காட்ட முடியாது. அவரிடம் காட்டக்கூடியது அந்த பதினோரு மாதத் தாள் ஒன்றுதான். அதில் ஆணிக்கு அடுத்த வரியில், மாற்றுச் சாவி குடித்தனக்காரரிடமே இருக்கும் என்றோ, வீட்டுக்காரரிடம் இருந்தாலும் சொல்லாமல் பயன்படுத்துவதில்லை என்றோ எழுதச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் வீடு கிடைக்காமல் போகலாம் என்ற பயம் எனக்கும் தெரியும்.

இப்போதிருக்கும் வீட்டுக்குக் குடிவந்தபோது கேட்டேன். வீட்டுக்கார அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்; பிறகு எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார். சென்ற மழையில் மொட்டைமாடிக் குழாய் அடைத்துக்கொண்டபோது கைப்பேசியில் அழைத்து, “ஆளு வந்திருக்கான், உங்க பால்கனி வழியாத்தான் போகணும். வரலாமா?” என்றார். மனைவி அன்று படுத்திருந்தாள். “நாளைக்கு வரச் சொல்றீங்களாம்மா?” என்று சொல்வதற்குள் எனக்கு நாக்கு இரண்டு முறை குழறிவிட்டது. அவர் “சரிப்பா” என்று வைத்துவிட்டார்.