எடிட்டரைப் புதுத் திரைக்குக் கொண்டுபோகிறவருக்கு யார் கூலி தருவது?

பாலராமபுரத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கைத்தறிச் சங்க நோட்டீஸ், பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் கல்யாணப் பத்திரிகை, தாலுகா ஆபீஸ் மனு என எல்லாம் வரும். வாசகங்களை ஈமேக்ஸ் என்ற எடிட்டரில்தான் அடிப்பேன். இடப்பக்கம் மலையாளம், வலப்பக்கம் தமிழ். காசு கொடுக்க வேண்டாம், மூலநிரலும் திறந்தே கிடக்கும்.

லினக்ஸைப் புதுப்பித்ததும் எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. 'ணை'யின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டன. புரூஃப் பார்க்க வந்த சாலியர் தெரு அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கோளாறு கண்ணாடியிலும் இல்லை, ஃபாண்டிலும் இல்லை.

லினக்ஸ் திரையில் ஜன்னல்களை வரைய எக்ஸ் என்ற அமைப்பு இருந்தது. 1984இல் எம்ஐடியில் பிறந்தது. அதில் ஒரு நிரலில் அடிப்பதை இன்னொரு நிரல் ஒட்டுக்கேட்கலாம். 2008இல் கிறிஸ்டியான் ஹாக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் அந்த ஓட்டையை அடைத்தது. வேண்டிய மாற்றம்தான். ஆனால் எக்ஸோடு மட்டுமே பேசத் தெரிந்த பழைய நிரல்கள் வேலண்டில் ஓட எக்ஸ்வேலண்ட் என்ற தரகர் வேண்டும். திரையை 125 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால், பல கணினிகளில் தரகர் வழியே சின்னதாக வரைந்தது இழுத்துத்தான் பெரிதாக்கப்படுகிறது. அண்ணாச்சி கண்ட மங்கல் அதுதான்.

ஈமேக்ஸின் மெனுவும் பொத்தான்களும் ஜிடிகே கருவிப்பெட்டியில் செய்தவை. ஆனாலும் அடியில் அது எக்ஸை நேராகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. யூக்கி ஹரானோ என்ற நிரலாளர் அந்த அழைப்புகளைத் தேடித்தேடி எடுத்து, எல்லாம் ஜிடிகே வழியே போகும்படி மாற்றினார். 2023 ஜூலையில் வந்த 29.1 பதிப்பில் அது சேர்ந்தது. அந்த 'பிஜிடிகே' வசதியோடு கம்பைல் செய்தேன், சுழிகள் பிரிந்தன. கண்ட்ரோலோடு பின்சாய்வுக்கோட்டை அழுத்தி வரவழைக்கும் தமிழ் உள்ளீட்டுக்கு மட்டும் இந்தக் களேபரத்தில் ஒன்றுமே ஆகவில்லை. அது ஈமேக்ஸுக்குள்ளேயே இருப்பது. எந்த ஜன்னல் அமைப்பையும் நம்பியிருப்பதில்லை.

'வேறு எடிட்டருக்கு மாறிவிடேன்' என்கிறார்கள். மாறலாம். அதையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து புதுத் திரைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டுமே. அந்த உழைப்பைத் தர்மக் காரியமாக நினைத்து விட்டுவிடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அதுவும் கேரளத்தில். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது. இங்கே பள்ளிக் கணினிகளில் ஓடுவது, உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஒட்டி அரசின் கைட் நிறுவனம் உருவாக்கிய கைட் லினக்ஸ். அந்த உபுண்டுவோ 2025 அக்டோபரில் வந்த 25.10 பதிப்பில் க்னோம் என்ற தன் முகப்புத் திரை எக்ஸ் வழியே ஓடும் வசதியை நீக்கிவிட்டது. ஆகவே பள்ளிகளுக்கும் இந்த மாற்றம் வந்தே தீரும். அப்போது மலையாளத் தட்டச்சைச் சோதிக்க ஆள் இருப்பார்கள். தமிழுக்கு? இந்த மாநிலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதுகிறார்கள்.

லைசென்ஸுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கை, மூலநிரலில் கைவைக்கத் தெரிந்த இரண்டு பேரின் சம்பளத்துக்கு அரசு ஒதுக்கட்டும். பூஜப்புரையிலுள்ள கைட் அலுவலகம் இங்கிருந்து பக்கம்தான். புதுப் பதிப்பை வெளியிடுவதற்கு முன்பே எல்லைப் பக்கத்துத் தமிழ்வழி வகுப்பு ஒன்றுக்கு அதைக் கொண்டுவந்து, பிள்ளைகளைத் தமிழில் ஒரு பக்கம் அடிக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.