உலோபாமுத்திரைக்கு அனுமதி இல்லை

முச்சங்க வரலாறு நடத்தும்போது அகத்தியரைத் தாண்டித்தான் மதுரைக்கு வரவேண்டியிருக்கிறது. தலைச்சங்கத்தில் இருந்தவர், முதல் இலக்கணம் செய்தவர், பொதிகையில் உறைபவர். ஒரு மாணவி கேட்டாள்: "அந்த மலைக்கு நாம போகலாமாம்மா?"

போகலாம். 2019 முதல்.

கேரளப் பக்கத்தில் அதன் பெயர் அகஸ்தியர்கூடம். 1,868 மீட்டர் உயரம், பாதுகாக்கப்பட்ட காடு. ஜனவரி நடுவிலிருந்து சில வாரங்கள் மட்டும் வனத்துறையின் அனுமதிச் சீட்டோடு போனக்காட்டிலிருந்து ஏறலாம். மிச்ச நாள்களில் காட்டைப் பூட்டிவைப்பதிலோ, தலையெண்ணி விடுவதிலோ எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்தச் சில வாரங்களிலும் பெண்களுக்கு இடமில்லை என்று ஓர் அரசுத் துறையே விதி வைத்திருந்தது. கூடவே 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும். முனைவர் பட்டம் வாங்கினாலும் நாம் அந்த வரிசைதான்.

பாதை கடினம், விலங்கு உண்டு என்றார்கள். ஆண் என்றால் யானை வழிவிடுமா? இன்னொரு காரணம், அகத்தியர் பிரம்மச்சாரி என்பது. தமிழ் படித்தவளுக்குச் சிரிப்புத்தான் வரும். அவர் மனைவி உலோபாமுத்திரை. தொல்காப்பியப் பாயிர உரையில் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். மனைவியை அழைத்துவர மாணவரை அனுப்புகிறார் முனிவர், நான்கு கோல் தூரம் விலகியே வரவேண்டும் என்ற கட்டளையோடு. வழியில் வையை வெள்ளம் அவளை இழுக்கிறது. மாணவர், அதாவது தொல்காப்பியர், மூங்கில் கழியை முறித்து நீட்ட, பற்றிக்கொண்டு கரையேறுகிறாள். விலகல் விதியை மீறினார்கள் என்று இருவருக்கும் சொர்க்கம் இல்லையெனச் சபிக்கிறார் கணவர். நம் ஊர் ஆற்றில் செத்திருந்தால் பத்தினியாகியிருப்பாள். பிழைத்தது குற்றம்.

பெண்கள் அமைப்புகள் வழக்காடின. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. அடுத்த ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். காணி மக்கள் எதிர்த்தார்கள். அது அவர்கள் தெய்வம், அவர்கள் காடு. யாருமே வராதீர்கள் என்று அவர்கள் சொன்னால் நான் அடிவாரத்தோடு திரும்பிவிடுவேன். ஆனால் வெளியூர் ஆண்களுக்கெல்லாம் சீட்டுக் கொடுத்துவிட்டு என்னை மட்டும் வழக்கத்தைக் காட்டி நிறுத்தியது அரசு. காணிகளின் நம்பிக்கை அதற்கு வசதியான திரை.

அந்த மாணவி வீட்டில் கேட்டிருக்கிறாள். காட்டில் ராத்தங்கலா, கல்யாணத்துக்கு அப்புறம் புருஷனோட போ என்றாராம் அப்பா. ஞாயிற்றுக்கிழமை மேலூர் போய் அவரிடம் பேசப்போகிறேன். சீட்டு இரண்டு பேருக்குப் பதிய வேண்டும்.