ஓதமும் பழைய தரையும்

பீர்க்கன்கரணை ஏரியை அடுத்த பழைய வீடுகளில் மழைக்காலம் வந்தால் சுவரில் ஓதம் ஏறுகிறது. உடனே நாம், பெற்றோர் தொழுது மெருகேறிய ரெட் ஆக்சைடு தரையைப் பெயர்த்து டைல்ஸ் பதிக்கிறோம். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசுகிறோம். இது வீண்விரயமே. சுண்ணாம்பு ஈரத்தை மெல்ல வெளியே விடும். சிமெண்டோ உள்ளேயே அடைத்துவைக்கும். வழியடைபட்ட ஈரம் இன்னும் உயரே ஏறும்.

2015 வெள்ளம் முடிச்சூரை மூழ்கடித்த வட்டாரம் இது. நிலத்தடியில் நீர் இருக்கத்தான் செய்யும். முதலில் வெளியே பார்ப்போம். சாலையை உயர்த்த உயர்த்த நம் முற்றம் தாழ்ந்துபோயிருக்கும். உளூச் செய்த நீரும் (இது நம் தவறுதான்) சுவரோரமே தேங்கும். அவற்றைச் சரிசெய்து, ஒரு கோடை முழுதும் காயவிட்டு, வெடித்த இடத்தை மட்டும் செங்காவி கலந்து இழைத்தால் போதும். அவ்வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள், தேடத்தான் வேண்டும்.