ஒரு நாளுக்கு ஒரு புதிர்

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் அமைத்த புதிரே நவீனக் குறுக்கெழுத்தின் தொடக்கம். 1924இல் இதை வீண்வேலை என்று இகழ்ந்த 'நியூயார்க் டைம்ஸ்', 1942இல் தானும் வெளியிடத் தொடங்கியது.

நாளிதழிலிருந்து திரைக்கு வந்தால், உலாவியில் ஆடும் புதிர்களில் இன்றைய ஆட்டக்காரர்களை அதிகம் கவர்ந்தவற்றுள் ஒன்று ஜோஷ் வார்டிலின் 'வேர்டில்'. 2021 நவம்பர் முதல் நாளில் அதை ஆடியவர்கள் 90 பேர். இரண்டே மாதத்தில் 3 லட்சம். ஐந்தெழுத்துச் சொல், ஆறு வாய்ப்பு, நாளுக்கு ஒரே புதிர். உலகம் முழுக்க அன்று ஒரே விடை என்பதால் பேச்சுக்கு விஷயம் கிடைத்தது. விடையைக் காட்டாமல் பச்சை, மஞ்சள் கட்டங்களை மட்டும் பகிரும் வசதி ஆவலைத் தூண்டியது. அப்போது விளம்பரமும் இல்லை, தரவிறக்கமும் இல்லை. அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு: ஏறத்தாழ 12,000 ஐந்தெழுத்துச் சொற்களிலிருந்து பழக்கமான சுமார் 2,500 மட்டுமே விடைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. தோற்றவரும் "அட, இதுதானா!" என்பாரே தவிர, ஏமாற்றிவிட்டார்கள் என்று முணுமுணுக்க மாட்டார். குறுக்கெழுத்தின் குறிப்புகளுக்கும் இந்த நேர்மை வேண்டும். அது இல்லாத புதிரைப் புள்ளிகளும் பதக்கங்களும் ஓயாத அறிவிப்புகளும் காப்பாற்றப்போவதில்லை.