தொட்டி முதலில், மீன் பிறகு

தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொளத்தூருக்குப் போய்த் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வராதீர்கள்.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். பள்ளியில் படித்த நைட்ரஜன் சுழற்சிதான். புதுத் தொட்டியில் இவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். கடல்நீரின் பி.ஹெச். 8-க்கு மேல் இருப்பதால் அம்மோனியாவின் நச்சும் அதில் அதிகம்.

உப்புநீர் நிரப்பி, பில்டரை ஓடவிட்டு, சிறு இறால் துண்டு ஒன்றைப் போடுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இரண்டுமே பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். பிறகு பாதித் தண்ணீரை மாற்றி, ஒன்றிரண்டு மீனாக விடுங்கள்.

"விலை குறைந்த மீனை விட்டுப் பாருங்க சார்" என்பார்கள். நான் ஏற்கமாட்டேன். கோமாளி மீன் போன்ற சிலவற்றைப் பண்ணையில் வளர்க்கிறார்கள். மற்ற கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டவை. இறால் துண்டு செய்கிற வேலைக்கு ஓர் உயிர் எதற்கு? கடைக்காரர்களும் தொட்டி விற்ற அன்றே மீன் விற்காமல் இருக்கலாம்.

ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கக் கூடாதா?