பொட்டிப்புரத்துக்கு யார் ஜாமீன்?

நியூட்ரினோ ஆய்வகம் தேனி மாவட்டத்துக்கு வராமலே போய்விட்டது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொன்னது: பொட்டிப்புரத்து மலைப்பகுதி மதிகெட்டான் சோலையையும் பெரியாறையும் இணைக்கும் புலிகளின் வழித்தடத்தில் இருக்கிறது, அனுமதிக்க முடியாது. நண்பர்கள் பலர் வெற்றி என்று கொண்டாடினார்கள். அதில் முழுமனதாகக் கலந்துகொள்ள நம்மால் முடியவில்லை.

நியூட்ரினோவால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. இதைப் படிக்கும் உங்கள் விரல் நகத்தின் வழியே நொடிக்குப் பல ஆயிரம் கோடி நியூட்ரினோக்கள் சூரியனிலிருந்து வந்து போய்க்கொண்டிருக்கின்றன. பொட்டிப்புரத்தில் செய்ய நினைத்தது அவற்றை உண்டாக்குவதை அல்ல, பிடித்துப் பார்ப்பதை. காற்று மண்டலத்தில் தானாக உருவாகி வருபவற்றில் எப்போதாவது ஒன்று 50,000 டன் காந்த இரும்பில் மோதும், அதைப் பதிவு செய்ய வேண்டும். மற்ற துகள்கள் வந்து குழப்பாமலிருக்க எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல் பாறை வேண்டும். அதற்காகத்தான் மலை, அதற்காகத்தான் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம்.

இவ்வளவையும் துண்டறிக்கையாக அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்திருந்தாலும் பொட்டிப்புரம் நம்பியிருக்காது என்பதே நம் எண்ணம். புரியாததால் அல்ல. ஊர்ப்பக்கம் ஒருவருக்குக் கடன் கொடுப்பவர் அவர் முகத்தை மட்டுமா பார்க்கிறார்? ஜாமீன் யார் என்றுதான் முதலில் கேட்பார். நியூட்ரினோவுக்கு ஜாமீன் நின்றது அணுசக்தித் துறை. அந்தத் துறையின் கையெழுத்துக்குத் தென்மாவட்டங்களில் என்ன மதிப்பு என்பதைக் கூடங்குளம் ஏற்கெனவே காட்டிவிட்டது.

கோலாரை எடுத்துக்கொள்வோம். 1965-ல் காற்று மண்டல நியூட்ரினோ உலகில் முதன்முதலாகப் பதிவான இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த சுரங்கம் அது. அதன் ஆழத்தில்தான் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிவியலாளர்களும் கருவிகளை வைத்தார்கள். தமிழ்த் தொழிலாளி தோண்டிய குழியில் கிடைத்த உலகப் புகழ். இந்தக் கதையைத் தேனியில் யாரும் உருப்படியாகச் சொல்லவில்லை. தேனிக்கு வந்து சேர்ந்தது வேறொரு கோலார் கதை. கூடங்குளம் வழக்கு நடந்த 2012-ல், அணுக்கழிவை வைக்கும் இடமாகக் கோலார் சுரங்கத்தின் பெயரை அரசுத் தரப்பே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. தங்கவயல் கொதித்தது. உடனே அப்படியொரு திட்டமே இல்லை என்று மறுத்தார்கள். ஒரே துறை, ஒரே சுரங்கம், இரண்டு பேச்சு. இதைக் கேட்டவர்கள் மலையைக் குடையப் போகிறோம் என்று அதே துறை வரும்போது, உள்ளே எதைப் புதைக்கப் போகிறாய் என்று கேட்டதை வதந்தி என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல.

கூடங்குளத்தில் எதிர்த்தவர்களை நடத்திய விதம் இன்னும் ஆறவில்லை. ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோக வழக்கு. போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களின் பணம் இருப்பதாக அன்றைய பிரதமரே பேட்டி கொடுத்தார். பயம் போக்க நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்களை அழைக்கும் ஏற்பாடும் நடந்தது. கடலோரத்து மீனவப் பெண் அணு உலை பற்றிக் கேள்வி கேட்டால் அது ஒரு நோய்! அப்துல் கலாம் 2011 நவம்பரில் வந்து பார்த்து, உலை பாதுகாப்பானது என்று சான்று சொன்னார். அவரே 2015-ல் நியூட்ரினோவுக்கும் ஆதரவாக எழுதினார். தமிழ்நாட்டில் அவரைவிடப் பிரியமான அறிவியல் முகம் கிடையாது. அந்த முகத்தையே இரண்டு திட்டங்களுக்கும் சேர்த்து அடகு வைத்தார்கள்.

நியூட்ரினோ திட்டத்தின் நடைமுறையிலும் நேர்மை இல்லை. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் பழைய சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு மத்திய அரசு இதைக் கட்டுமானத் திட்டங்களுக்கான வகையில் சேர்த்து, சிறப்பு நேர்வு என்று சொல்லி மீண்டும் அனுமதி கொடுத்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு வரும் வகை அது. அதற்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. உலகத் தரமான ஆய்வகம் என்று மேடையில் பேசிவிட்டு, தாளில் கட்டடம் என்று எழுதிய புத்திசாலித்தனத்துக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். நியூட்ரினோ கதிர் வயலைக் கருக்கும், முல்லைப் பெரியாறு அணையை உடைக்கும், அமெரிக்காவிலிருந்து பூமியைத் துளைத்து வரும் கற்றை நம்மைக் கொல்லும் என்றெல்லாம் மேடைகளில் கேட்டோம். பாறை வெடிப்பையும் மேய்ச்சல் நிலத்தையும் நீரோட்டத்தையும் பற்றிய கேள்விகள் நியாயமானவை, கதிர் பற்றிய பேச்சு பொய். இது பொய் என்று தெரிந்தவர்கள் நம் அணியில் இருந்தார்கள். கூட்டம் சேரட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்கள். கடைசியில் திட்டத்தை நிறுத்தியது கதிரா? மதிகெட்டான் சோலை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, வன உயிர் வாரியத்தின் ஒப்புதல் வாங்கியாயிற்றா என்ற சலிப்பூட்டும் காகிதங்கள்தான் நிறுத்தின. உண்மையான காரணம் கையிலேயே இருந்தும் பொய்யை முன்வரிசையில் உட்கார வைத்தோம்.

இதன் விலை சின்னதல்ல. தூத்துக்குடியில் நிலத்தடி நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் காட்டி அறிவியல் சொல்கிறது பார் என்கிறோம். எண்ணூரில் சாம்பல் கழிமுகத்தை மூடுவதற்கும் ஆய்வறிக்கைதான் சாட்சி. வேதியியல் நமக்குச் சாதகமாக இருந்தால் சத்தியம், இயற்பியல் பாதகமாக இருந்தால் ஏகாதிபத்தியச் சதி என்றால், அடுத்த அறிக்கையோடு போய் நிற்கும்போது யார் நம்மை நம்புவது?

எதிர் அணி இதைச் சுட்டிக்காட்டத் தகுதியுள்ளது என்றும் சொல்லிவிட முடியாது. மத்திய அமைச்சரவை நியூட்ரினோவுக்குச் சுமார் 1,500 கோடி ஒதுக்கியது 2015 ஜனவரியில். அதே மாதம் மும்பையில் இந்திய அறிவியல் மாநாட்டின் மேடையிலேயே வேதகால விமானங்கள் பற்றிக் கட்டுரை வாசிக்கப்பட்டது. அதைக் கேட்டுப் பெருமைப்பட்டவர்களில் பலர்தான் தேனிக்காரர்களுக்கு அறிவியல் மனப்பான்மை இல்லை என்று வருந்தினார்கள்.

சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஜூனோ ஆய்வகம் 2025-ல் வேலையைத் தொடங்கிவிட்டது. எந்த நியூட்ரினோ எடை கூடியது, எது குறைந்தது என்று நாம் தேட இருந்த வரிசையை இனி அவர்கள் தேடுவார்கள். தமிழ்நாட்டில் மிஞ்சியிருப்பது மதுரையிலுள்ள 85 டன் மாதிரிக் கருவி. பொட்டிப்புரத்தில் வரவிருந்த அதே வகைக் கருவி, அளவு மட்டும் சிறியது. கதிர் வயலைக் கருக்கும் என்று மேடையேறியவர்களில் ஒருவர்கூட, நாம் அறிந்தவரை, அதை மூடச் சொல்லி மதுரைக்குப் போகவில்லை.