அடங்க வேண்டியது அவள் பசியா?

"ஊசி போட்டால் தொப்பை கரையும், பசி அடங்கும்" என்று சொல்லிப் பெண்களிடம் பணம் வாங்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இதைச் சொன்னால், மகாமகக் குளத்தைச் சுற்றி என்னோடு காலையில் நடக்கிறவர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும். முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். கணக்கைப் போட்டுக் காட்டிவிடுகிறேன், விடை சரியா என்று நீங்களே பாருங்கள்.

அக்குபஞ்சர் என்றாலே மோசடி என்பது என் கட்சி அல்ல. சீனாவில் பல நூற்றாண்டுகளாக இருந்துவரும் முறை அது. நம் மத்திய அரசும் 2019இல் அதை ஒரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. முழங்கால் வலிக்குப் போய்ச் சுகம் கண்டவர்கள் உங்களிலேயே இருப்பீர்கள். என் சண்டை தொப்பை வியாபாரத்தோடு மட்டும்தான்.

வலி வேறு, கொழுப்பு வேறு. வலியை மூளை உணர்கிறது. நல்ல வார்த்தையும் நம்பிக்கையும்கூட அதைக் கொஞ்சம் குறைக்கும். கொழுப்போ சேமிப்புக் கணக்கு மாதிரி. ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. வரவைக் குறைக்க வேண்டும், அல்லது செலவைக் கூட்ட வேண்டும், மூன்றாவது வழி கிடையாது. ஊசி எதையும் எரிக்காது. இது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் "காதில் பசிப் புள்ளி இருக்கிறது, அதைத் தூண்டினால் பசி குறையும்" என்கிறார்கள். கேட்டால் ஐயாயிரம் வருஷத்து ரகசியம் என்று பதில் வரும். உடம்பு முழுவதையும் காது மடலில் வரைபடமாகக் காட்டியவர் பால் நோஜியே என்ற பிரெஞ்சு டாக்டர். அது 1950களில் நடந்தது. அந்த ரகசியத்துக்குக் கிட்டத்தட்ட என் வயதுதான்.

ஆராய்ச்சியே இல்லையா? இருக்கிறது. 2009இல் 31 ஆய்வுகளைத் திரட்டி ஓர் அலசல் வெளியானது. உண்மையான ஊசியையும் பொய் ஊசியையும் ஒப்பிட்டதில் கிடைத்த வித்தியாசம் சுமார் ஒன்றரை கிலோ. அந்த ஆய்வுகளும் தரம் குறைந்தவை, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அதை எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் பக்கத்துச் சாட்சியை அப்படியே ஏற்றாலும் ஒன்றரை கிலோதான்.

"என் சம்சாரத்துக்கு நிஜமாகவே குறைந்தது சார்" என்றார் ஒரு நண்பர். குறைந்திருக்கும். ஊசியோடு கூட என்ன சொன்னார்கள் என்று விசாரித்தேன். ராத்திரி சாதம் கூடாது, காபிக்குச் சர்க்கரை கூடாது, முறுக்கும் மிக்சரும் கூடாது, தினம் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். இத்தனையும் செய்தால் ஊசி இல்லாமலே குறையுமே ஐயா! பட்டினி கிடந்தது அந்தம்மா, பேர் ஊசிக்கு.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்த "பசி அடங்கும்" என்ற வார்த்தை. நம் வீடுகளில் எந்தப் பெண்ணுக்கு ஐயா பசி அடங்காமல் இருந்தது? காலையில் எல்லோருக்கும் டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு வெறும் காபியோடு நின்றவள். பதினொரு மணிக்கு மிச்ச இட்லி, மூன்று மணிக்கு ஆறிப்போன சாதம், ராத்திரி பாத்திரத்தில் ஒட்டியதை வீணாக்க மனசில்லாமல் வழித்துப் போட்டுக்கொண்டவள். காய் நமக்கு வந்தது, சோறும் ரசமும் அவளுக்கு மிஞ்சியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் இடுப்பை அளந்து பார்த்தபோது, பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கும் ஆண்களில் 12 பேருக்கும் வயிற்றுப் பருமன் இருந்தது. பெண்கள் நம்மைவிட மூன்று மடங்கு அதிகமாகவா சாப்பிட்டுவிட்டார்கள்?

வேறு காரணங்கள் உண்டு. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. தைராய்டு மந்தமானாலும் எடை ஏறும். இளம்பெண்களுக்கு சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம். தூக்கக் குறைவு உண்டு, சில மாத்திரைகளும் எடையைக் கூட்டும். இதில் எதற்கும் காதில் புள்ளி கிடையாது.

பயப்பட வேண்டிய விஷயம் இன்னொன்று. ஐம்பது வயதைத் தாண்டியவளுக்குச் சில மாதங்களில் வயிறு மட்டும் பெருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்றால் அது தொப்பையாக இல்லாமல் போகலாம். சினைப்பைப் புற்றுநோய் அப்படித்தான் சத்தமில்லாமல் வரும். வயிற்றில் நீர் கோத்திருக்கவும் கூடும். அந்த நேரத்தில் "பசி குறைந்துவிட்டது, ஊசி வேலை செய்கிறது" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு பத்து வாரம் கழித்தால், இழந்த பத்து வாரத்தை யார் திருப்பித் தருவார்கள்? அதோடு "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிடுங்கள்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் சாப்பிடும் மாத்திரையை அப்படி நிறுத்துவது விளையாட்டல்ல.

செய்ய வேண்டியது என்ன? தையல்காரர் டேப்பை எடுத்து, சட்டைக்கு அளப்பதுபோல் வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. தாண்டியிருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டிச் சர்க்கரை, தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். வயிறு திடீரென்று பெருத்திருந்தால் ஸ்கேன் பார்க்கத் தயங்காதீர்கள். அதன்பிறகும் ஊசிதான் வேண்டும் என்றால், அது அவரவர் காசு.

வீட்டு ஆண்களுக்கு ஒன்று. ஊசிக்குக் கொடுக்கும் பணத்தில் காயும் பயறும் முட்டையும் வாங்கி வையுங்கள். காலை எட்டு மணிக்கு அவள் தட்டை முதலில் போடுங்கள். சாயங்காலம் அவள் நடக்கப் போகும் நேரத்தில் பாத்திரத்தை நாம் கழுவலாம். கை தேய்ந்துவிடாது.